பனிமலையில் ஒரு நன்னாள்

1888-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் தேதி, சித்திரை வெயில் சென்னப்பட்டணத்தைக் காய்ச்சத் தொடங்கியிருந்த வேளையில், மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியத்தை முன்னிட்டு இங்கே வந்திருந்த ஹென்றி லன் என்னும் ஆங்கிலேயருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் இந்நாட்டில் நெடுங்காலம் தங்கவில்லை. தாய்நாடு திரும்பியவர் நாளடைவில் பிரயாண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கி, குளிர்காலத்தில் ஆங்கிலேயர்களை ஸ்விட்ஸர்லாந்தின் மலைகளுக்குக் கூட்டம் கூட்டமாக அழைத்துச் சென்று பெயர் பெற்றார். அந்தக் குழந்தைதான் ஆர்னால்டு லன். பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளி என்று மட்டுமே அறிந்த நம் ஊரில் பிறந்த அவர்தான், உயர்ந்த மலைகளின் வெண்பனியில் காலில் பலகை பூட்டிச் சறுக்கி இறங்கும் கலைக்குப் பந்தய விதிகளை வகுத்து, ஒலிம்பிக் வரை அதைக் கொண்டு சேர்த்து, அத்தொண்டுக்காக 1952-இல் ‘ஸர்’ பட்டமும் பெற்றவர்.

இச்செய்தியை அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ எடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ, தை மாதம் பிறந்துவிட்டால் காஷ்மீரத்துக் குல்மார்க் என்றும் உத்தரகண்டத்து ஔலி என்றும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தொழிற்பேட்டை அலுவலகங்களில் ஆண்டு முழுவதும் உழைத்துச் சேர்த்த விடுமுறையையும் பணத்தையும் கொண்டு, டில்லி வழியாக ஸ்ரீநகருக்குப் பறந்து, அங்கிருந்து தங்மார்க் வரை காரில் போய், சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டியில் ஏறி, மிச்சமுள்ள 13 கிலோமீட்டர் மலைப்பாதையையும் கடந்து பனியைக் காண்கிறார்கள். திரும்பி வந்தவர்களை விசாரித்தால், அதற்கு இணையான ஆனந்தத்தைத் தாம் வாழ்நாளில் கண்டதில்லை என்று ஒருவர் சொல்ல, முழங்கால் வலியும் ஜலதோஷமும் தவிர வேறொன்றும் கிட்டவில்லை என்று மற்றொருவர் சொல்கிறார். இருவரும் போனது ஒரே மலை, ஒரே மாதம். அப்படியிருக்க, பனிச்சறுக்கில் ஒரு நாளை நல்ல நாளாக்குவது எது?

வேகம் என்பதுதான் சட்டென்று வருகிற விடை. அந்த விடை எனக்குச் சம்மதமில்லை. சரிவின் உச்சியில் நின்று தன்னை விட்டுவிட்டால் எவனுக்கும் வேகம் வந்துவிடும்; அதைத் தருவது பூமியின் ஈர்ப்பே அன்றி மனிதனுடைய பிரயாசையன்று. அன்றைய பனி எத்தகையது என்று அறிந்து, அந்த அறிவு இடங்கொடுக்கும் அளவுக்கு மட்டும் வேகத்தை எடுத்து, நினைத்த இடத்தில் திரும்பவும் நினைத்த இடத்தில் நிற்கவும் வல்லவனுக்கே அந்த நாள் நல்ல நாளாக அமைகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த அறிவில் பெரும் பங்கு, அவன் மலையேறுவதற்கு முன்பே, முந்திய இரவிலேயே தொடங்கிவிடுகிறது.

பனியின் வரவை நம் பகுதியார் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஐப்பசி பிறந்ததும் வங்கக் கடலில் தாழ்வழுத்தம் உருவாகிறதா என்று பார்த்துக்கொண்டு, செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியில் எத்தனை அடி நிரம்பியது என்று ஒவ்வொரு நாளும் செய்தித்தாளில் தேடுகிறவர்கள் நாம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அதே ஏரியின் தரை வெடித்துக் கிடந்ததையும் பார்த்தவர்கள். குல்மார்க்கில் பலகை வாடகைக்கு விடுகிறவரும், வழிகாட்டியும், தங்கும் விடுதிக்காரரும் இதே கவலையோடுதான் வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குரிய மேகம் மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகி, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் தாண்டிக் கிழக்கே வருகிறது. வானிலை நிலையத்தார் மேற்கத்திய இடையூறு என்று குறிப்பிடுகிற அச்சுழற்சிகள் தவறிவிட்டால் மலை வெறுமையாகிவிடும். 2024 ஜனவரியில் அப்படித்தான் நேர்ந்தது. வெண்மையாக இருக்க வேண்டிய மைதானம் பழுப்பாகக் கிடந்தது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியைப் பிப்ரவரி 21-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். மறு ஆண்டும் பனிக்குறைவால் அது மார்ச் மாதம் 9-ஆம் தேதிக்குப் போயிற்று.

விழுந்த பனியும் ஒரே தன்மையுடையதன்று. கடுங்குளிரில், காற்றில்லாத இரவில் விழுகிற பனி உலர்ந்த பொடியாக நிற்கும், கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை பிடிக்க வராது, ஊதினால் பறக்கும். பலகை அதற்குள் முழங்கால் ஆழம் அமிழ்ந்து ஓசையின்றிச் செல்லும். காற்றடித்துவிட்டால் அதே பனி மேலே ஓடு கட்டிக்கொள்ளும். ஓட்டின்மேல் கொஞ்ச தூரம் போன பலகை திடுமென்று உடைத்துக்கொண்டு உள்ளே இறங்க, மனிதன் தலைகுப்புற விழுவான். மார்ச் மாதத்தில் பகல் வெயிலில் உருகி இரவுக் குளிரில் இறுகும் பனி, விடிந்ததும் வழுக்குப் பாறையாக இருந்து, வெயிலேறி மேலே ஓரிரு அங்குலம் இளகும் நேரத்தில் அருமையான தளமாகி, உச்சிப்பொழுது கடந்ததும் கூழாகிவிடும். அந்த இடைப்பட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தை அறிந்து அதற்கேற்பப் புறப்படுகிறவன் இன்பமடைகிறான். தாமதமாகத் தூங்கி எழுந்து, வயிறார உண்டு, பதினொரு மணிக்கு மேல் வரிசையில் வந்து நிற்பவனுக்கு அதே மலை வேறொரு மலையாகிவிடுகிறது. விடியற்காலையில் எழுவது நம்மவர்களுக்குப் புதிய பாடமன்று. மலைக்குப் போனபின் அதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

குல்மார்க் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள மலைமைதானம். அங்கே 1998-இல் கம்பிவட ஊர்தியின் முதற்கட்டத்தையும் 2005-இல் இரண்டாங்கட்டத்தையும் அமைத்தார்கள். கோண்டோலா என்று எல்லாரும் வழங்குகிற அவ்வூர்தி முதலில் கோங்டோரி என்ற இடத்துக்கும், அங்கிருந்து அஃபர்வாத் சிகரத்தின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கும் ஏற்றிவிடுகிறது. கடலோரத்தில் மூச்சுவிட்டுப் பழகிய சென்னைவாசி, அங்கே காற்றழுத்தம் தன் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு என்பதை முதல் பத்து அடி நடந்ததுமே நெஞ்சால் உணர்கிறான். ஆகையால் வந்து இறங்கிய மறுநாளே உச்சிக்குப் போவது விவேகமன்று. ஓரிரு நாட்கள் கீழ்ச்சரிவுகளில் பழகி, நன்றாகத் தண்ணீர் குடித்து, தேகம் இசைந்தபின் ஏறுவதே முறை. காற்று பலமாக வீசினால் இரண்டாங்கட்ட ஊர்தியை நிறுத்திவிடுவார்கள். அதற்காக வரிசையில் நின்று கோபிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். நிறுத்துகிறவர்கள் செய்வது பேருபகாரம்.

இனிக் காலணி. அற்ப விஷயமாகத் தோன்றும் இதில்தான் நம்மவர்களின் பாதி நாட்கள் வீணாகின்றன. பனிச்சறுக்குக் காலணி கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. கணுக்காலுக்கு மேல் வரை ஏறும். கொக்கிகளைப் பூட்டினால் குதிகால் சற்றும் எழும்பக்கூடாது, விரல்கள் மட்டும் உள்ளே அசைய வேண்டும். குளிருக்கு அஞ்சி இரண்டு மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மேலும் விறைக்கும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி போதும். கால்சட்டையின் விளிம்பைக் காலணிக்குள் திணிப்பதும் தவறு. அந்த மடிப்பு கணைக்கால் எலும்பை அழுத்தி, மத்தியானத்துக்குள் நடக்கவொட்டாமல் செய்துவிடும். வாடகைக் கடையில் எடை எவ்வளவு என்று கேட்பார்கள். அதைக் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்ல வேண்டும். ஏனெனில் காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, ஒருவன் விழும்போது எந்த விசையில் விடுபட வேண்டும் என்பதை அவனது எடை, உயரம், தேர்ச்சி ஆகியவற்றைக் கொண்டுதான் திருகி வைக்கிறார்கள். பொய் சொல்லித் தவறாகத் திருகிய பூட்டு, விடுபட வேண்டிய நேரத்தில் விடாமல் முழங்கால் தசைநாரைத் திருகிவிடும்.

காலணி சரியாக அமைந்தபின் பனியின் மேல் நின்று, முழங்காலைச் சற்றே மடித்து, நெஞ்சைப் பள்ளத்தாக்கை நோக்கி வைத்துக்கொண்டால் பலகை தானாகவே நகரத் தொடங்கும். பனியின் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள மிக நுண்ணிய நெகிழ்படலமும், உராய்வின் சூட்டில் உருகும் துளி நீரும் சேர்ந்து அதற்கு வழிவிடுகின்றன. திரும்புவதற்கு உடம்பைச் சுழற்ற வேண்டியதில்லை. திருப்பத்தின் வெளிப்பக்கக் காலில் பாரத்தை ஊன்றிப் பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால், விளிம்பில் உள்ள எஃகு பனியைக் கீறிப் பிடித்துக்கொள்கிறது. பலகையின் இடைப்பகுதி ஒடுங்கியிருப்பதால் அதன் வளைவே மனிதனை வளைத்துக் கொண்டுபோகிறது. ஆனால் புதியவனின் மனம் இதற்கு இசையாது. அச்சம் வந்ததும் உடம்பு மலைப்பக்கமாகப் பின்னால் சாய்கிறது, பாரம் குதிகாலுக்குப் போகிறது, விளிம்பின் பிடி நழுவுகிறது, வேகம் கட்டுமீறுகிறது. அச்சமுற்ற வேளையில் பள்ளத்தை நோக்கி முன்னே சாயக் கற்றுக்கொள்வதுதான் இக்கலையின் அரிச்சுவடி. அதை ஒருமுறை உடம்பு ஒப்புக்கொண்டுவிட்டால், அன்று முழுவதும் மனத்தில் ஒரு கம்பீரம் நிற்கிறது.

லன்னின் மகத்துவம் இந்த இடத்தில்தான் விளங்குகிறது. இறக்கப் பந்தயம் என்பதை முறையாகத் தொடங்கி வைத்தது 1911 ஜனவரியில் ஸ்விட்ஸர்லாந்தின் மொண்டானாவில் அவர் நடத்திய போட்டி. அதற்குக் கோப்பை அளித்தவர் காந்தஹார் வெற்றியால் புகழ்பெற்ற ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். மதராஸில் பிறந்தவர் ஏற்படுத்திய பந்தயத்துக்கு மதராஸ் படையை நடத்தியவர் பரிசளித்தார் என்பதை நம் சரித்திர ஆசிரியர்கள் எங்கும் பெரிதாக எழுதியதாக நான் கண்டதில்லை. அந்தப் பந்தயத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1909-இல், வேல்ஸ் தேசத்து மலையொன்றில் பாறையேறும்போது விழுந்து லன்னின் கால் நொறுங்கிப்போயிருந்தது. ஆறிய கால் மற்றதைவிடக் குட்டையாகவே நின்றுவிட்டது. அந்தக் காலோடுதான் அவர் ஆல்ப்ஸ் மலைகளில் பல ஆண்டுகள் சறுக்கினார். அந்தக் காலோடுதான் 1922 ஜனவரியில் மூரென் என்ற சிற்றூரில் நவீன ஸ்லாலம் பந்தயத்தை உருவாக்கினார்.

அதற்கு முன்னும் கொடிகளிடையே வளைந்து இறங்கும் போட்டிகள் உண்டு. ஆனால் அவற்றில், திருப்பம் எவ்வளவு அழகாக இருந்தது என்று நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். லன் அதை மாற்றினார். ஜோடி ஜோடியாகக் கொடிகளை நட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் புகுந்து வர வேண்டும், குறைந்த நேரத்தில் வந்தவரே வென்றவர் என்று விதித்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இது அழகைத் தள்ளி வேகத்தைப் போற்றுவதாகத் தோன்றும். உண்மை அதுவன்று. மரங்களும் பாறைகளும் மண்டிய இயற்கைச் சரிவில் எவன் பத்திரமாகவும் துரிதமாகவும் வழி கண்டுபிடிக்கிறானோ அவனே தேர்ந்தவன் என்பது அவர் கருத்து. கொடிகள் அந்த மரங்களுக்குப் பதிலாக நிற்கின்றன. வேகத்துக்கு ஆசைப்பட்டுத் திருப்பத்தைத் தவறவிட்டவன் அந்தக் கணத்திலேயே பந்தயத்திலிருந்து விலக்கப்படுகிறான். 1931-இல் அதே மூரெனில் உலகப் பந்தயம் நடந்தது. 1936-இல் ஒலிம்பிக்கிலும் இறக்கப் பந்தயமும் ஸ்லாலமும் சேர்ந்த போட்டி இடம்பெற்றது. மூரெனின் அந்த முதல் ஸ்லாலம் பந்தயத்துக்கு நூறாண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய காஷ்மீரத்து ஆரிஃப் கான், ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-ஆவது இடம் பெற்றார். ஸ்லாலத்தில் வழி தவறி முடிக்க இயலாமல் போயிற்று. குல்மார்க்கில் சறுக்குப் பலகைக் கடை வைத்திருந்த தந்தையின் பிள்ளை அவர். மலைவாசிகளின் ஊக்கம் எவ்வளவு குறைந்த வசதியோடு எவ்வளவு தொலைவு போயிருக்கிறது என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

குல்மார்க்குக்கும் நம் ஆவடிக்கும் வேறொரு சம்பந்தம் உண்டு. 1948 டிசம்பரில், காஷ்மீரப் போரின் நடுவே, ஸோஜி லா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றிச் சாதனை புரிந்த ஜெனரல் திம்மய்யா, தம் படைவீரர்களுக்குப் பனிச்சறுக்குப் பயிற்றுவிக்க அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியாயிற்று. டாங்கித் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் உள்ள ஆவடியில், பனிமலைகளில் சேவை செய்து ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில், இளமையில் அப்பள்ளியில் பயின்ற ஹவில்தார் ஒருவரைப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலை நடையின்போது சந்தித்துப் பேசுவது எனக்கு வழக்கம். நல்ல நாள் எது என்று அவரிடம் கேட்டேன்.

“சார், எங்களுக்கு மொதல்ல சொல்லிக்குடுத்ததே எப்படி விழணும்ங்கிறதுதான்” என்றார். “பக்கவாட்டுல விழணும், கையை ஊனக்கூடாது. அப்புறம் விழுந்த எடத்துலேருந்து எப்படி எந்திரிக்கிறதுன்னு சொல்லிக்குடுத்தாங்க. ஒரு வாரம் இதேதான். எங்கூட வந்தவன் ஒருத்தன், நாகப்பட்டினம் பக்கம், பனியையே பாத்ததில்ல, ஒருதடவைகூட அலுத்துக்கல. அவன்தான் கடைசியில எங்க எல்லாரையும்விட நல்லா இறங்கினான். காலையில புறப்பட்ட ஆளெல்லாம் சாயங்காலம் எண்ணிப் பாத்தா சரியா இருந்தா, அது நல்ல நாள் சார்.”

அவர் அதை இலேசாகச் சொல்லவில்லை. 2010 பிப்ரவரி 8-ஆம் தேதி, அப்பள்ளியின் பயிற்சி வீரர்கள்மீது பனிச்சரிவு பாய்ந்து 17 பேர் மாண்டார்கள். 2016 பிப்ரவரியில் ஸியாச்சினில் மதராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்களைப் பனி விழுங்கிற்று. அந்தச் செய்தி வந்த நாட்களில் ஆவடியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. உல்லாசத்துக்குச் செல்பவர்களையும் பனி விட்டுவைப்பதில்லை. 2023 பிப்ரவரி முதல் தேதி அஃபர்வாத்தில் போலந்து நாட்டார் இருவரும், அடுத்த ஆண்டு அதே மாதம் 22-ஆம் தேதி ரஷ்யர் ஒருவரும் உயிரிழந்தார்கள். பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் புறப்படுகின்றன. சறுக்குகிறவர்கள் மிகவும் விரும்பும் சரிவுகளும் அவையே. கனத்த பனி பெய்து ஓய்ந்து, வானம் நீலமாகத் தெளியும் முதல் நாள் கண்ணுக்கு எவ்வளவு ரம்மியமோ அவ்வளவு அபாயகரமானது. புதிதாக விழுந்த பாரம் பழைய அடுக்கின்மேல் இன்னும் படியாமல் நிற்கும். புதைந்தவனைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் கொடியிட்ட பாதையை விட்டு வெளியே போகிற ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவியும், துழாவும் கம்பியும், மண்வெட்டியும் வைத்திருக்க வேண்டும். உடன் வருபவருக்கும் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். காவல் குழுவினர் கயிறு கட்டி அடைத்த வழியில், படம் பிடிப்பதற்காக நுழைகிற இளைஞர்களை நான் மன்னிக்க மாட்டேன். அவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

துணை என்று சொன்னபோதே மற்றொன்றும் சொல்ல வேண்டும். தன்னைவிடச் சற்றே தேர்ந்தவரோடும், பொறுமையுள்ளவரோடும் இறங்குவது பெரும் பாக்கியம். அவர் முன்னே போய்ப் பனியில் கீறிவிட்ட தடத்தின்மேல் நம் பலகையை வைத்துப் போகும்போது, வாய்மொழியால் ஒரு வாரம் கேட்டும் விளங்காதது ஒரு நிமிஷத்தில் காலுக்கு விளங்கிவிடுகிறது. மேகம் கவிந்து வெளிச்சம் மழுங்கி, மேடும் பள்ளமும் ஒரே வெண்மையாகிவிடும் நேரத்தில் இது இன்னும் அவசியம். அப்போது தேவதாரு மரங்களின் ஓரமாகவே இறங்க வேண்டும், மரத்தின் கருமை கண்ணுக்குத் தரையின் சாய்வைக் காட்டிக்கொடுக்கும்.

களைப்பு எப்போது வந்தது என்பதை உடம்பு காலம் கடந்துதான் சொல்கிறது. தொடைகள் நடுங்கத் தொடங்கியபின், இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஏறுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஸ்ட்ரெச்சரில் இறங்குகிறார்கள். மூன்று மணிக்கு வெயில் மலைக்குப் பின்னே சாய்ந்து பனி மறுபடியும் இறுகுவதற்குள் பலகையைக் கழற்றிவிட்டு, மரக்குடிசையொன்றில் குங்குமப்பூ மணக்கும் கஹ்வாவைக் கையில் ஏந்தி உட்கார்ந்து, அன்று செய்த திருப்பங்களைத் தோழர்களோடு பேசிக்கொண்டிருப்பதும் அந்த நாளின் ஒரு பகுதியே என்பது என் எண்ணம்.

நம் பகுதியிலிருந்து முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உச்சிக்குச் சீட்டு வாங்குவதற்கு முன் ஆசிரியருக்குப் பணம் கொடுங்கள். குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றக் கல்வி நிலையம் இருக்கிறது. உத்தரகண்டத்தின் ஔலியில், 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த சரிவுகளில், ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சிகள் நடத்துகிறார்கள். முதல் நாள் சமதளத்தில் நடக்கவும், விழவும், எழவும் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு பலகைகளின் முனைகளை ஒன்றையொன்று நோக்கிக் குவித்து, பின்பக்கத்தை அகற்றி, கலப்பையின் வடிவில் நின்று வேகத்தைத் தடுக்கப் பழக்குவார்கள். சரிவின் பாதியில் ஆசிரியர் தம் ஊன்றுகோலை நட்டுவிட்டு, அதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பார். முதலில் அதைத் தாண்டிப் போவீர்கள். அடுத்து, பயந்து வெகு முன்னாலேயே நின்றுவிடுவீர்கள். வாரம் முடிவதற்குள் ஒரு காலைப் பொழுதில், முழங்கால் தளர்ந்து, மூச்சு சீராகி, கோலுக்கு ஒரு சாண் தள்ளி நீங்கள் வந்து நிற்கும்போது அவர் ஒன்றும் பேசாமல் கோலைப் பிடுங்கி, இன்னும் செங்குத்தான இடத்தில் கொண்டுபோய் நடுவார்.